சினைப்பையில் கட்டி என்றார்கள், தொடக்கம் இரைப்பையில் இருந்தது

உங்கள் வீட்டில் நாற்பதை ஒட்டிய வயதில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு, இரண்டு பக்கச் சினைப்பையிலும் கெட்டியான கட்டி இருக்கிறது என்று ஸ்கேனில் வந்தால், அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்குவதற்கு முன்னால் மருத்துவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "டாக்டர், எதுக்கும் இரைப்பையை எண்டோஸ்கோபியில பார்த்துடலாமா?" என் அக்காவுக்கு இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு பெண்கள் நல மருத்துவர். அவர் கேட்டிருக்காவிட்டால் அக்காவுக்கு வந்தது என்ன நோய் என்றே தெரியாமல் வேறொரு நோய்க்கு வைத்தியம் பார்த்திருப்பார்கள்.

பயந்துவிடாதீர்கள், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிசிஓடி என்று சொல்லும் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் வேறு, நான் சொல்வது வேறு. பிசிஓடி இங்கே ஏராளமான பெண்களுக்கு இருக்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் சொல்வது அரிதான ஒன்று. ஆனால் அரிதாக இருப்பதால்தான் யாருக்கும் சட்டென்று தோன்றுவதில்லை, தோன்றும்போது நோய் முற்றியிருக்கிறது.

அக்காவுக்கு அப்போது 38 வயது. கும்பகோணத்தில் வீட்டு வாசலிலேயே தையல் கடை வைத்திருந்தாள். முகூர்த்த மாதங்களில் பிளவுஸ் தைக்கிற அவசரத்தில் மதியச் சாப்பாடு மூன்று, நான்கு மணிக்குப் போகும். அதனால் நெஞ்சு எரிகிறது, வயிறு உப்புகிறது என்று சொன்னபோது யாருக்கும் அது ஆச்சரியமாக இல்லை. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் அல்சர் வரும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை, ராத்திரி ஒரு மூடி ஜெலுசில். கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், அப்புறம் திரும்பவும் வரும். இன்னொரு பக்கம் மாதவிடாய் தாறுமாறாகப் போயிற்று, ஹீமோகுளோபின் குறைந்தது, அதற்கு இரும்புச்சத்து மாத்திரை. ரத்தசோகை இருக்கிறது என்றால் பெண்ணாக இருந்தால் உடனே மாதவிடாயைக் காரணம் சொல்லிவிடுகிறார்கள். ஆணுக்கு அதே அளவு ரத்தம் குறைந்திருந்தால் எங்கே கசிகிறது என்று குடல் வரைக்கும் தேடியிருப்பார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதில்தான்.

வயிற்றுக்கு ஒரு மருத்துவர், மாதவிடாய்க்கு வேறொரு மருத்துவர் என்று போனதில், மேல் வயிற்றுத் தொல்லையைக் கேட்டவருக்குக் கீழே நடப்பது தெரியவில்லை, கீழே பார்த்தவருக்கு மேலே நடப்பது தெரியவில்லை. இரண்டையும் ஒரே சீட்டில் யாரும் எழுதவில்லை. பிறகு வயிறு பெரிதாகத் தொடங்கியது, கை கால் மெலிந்தது. துணி தைக்க வந்தவர்கள் "என்னக்கா, விசேஷமா?" என்று கேட்கிற அளவுக்குப் போனபோதுதான் ஸ்கேன் எடுத்தோம். இரண்டு சினைப்பையிலும் கட்டி, வயிற்றுக்குள் நீர். சிஏ 125 என்கிற ரத்தப் பரிசோதனையும் கூடுதலாக வந்தது. அதைப் பார்த்து, சினைப்பைப் புற்றுநோயாக இருக்கலாம், கர்ப்பப்பையோடு சேர்த்து எடுத்துவிடலாம் என்றார்கள். எங்கள் பெரியம்மாகூட "பிள்ளை பெத்தாச்சு, எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரு" என்றார்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் இரண்டாவது கருத்துக்காகப் பார்த்த மருத்துவர்தான் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, "சாப்பாடு எப்படிம்மா இறங்குது?" என்று கேட்டார். "ரெண்டு இட்லிக்கு மேல முடியல டாக்டர், நெஞ்சு வரைக்கும் நிறைஞ்ச மாதிரி இருக்கு" என்றாள் அக்கா. எடை எவ்வளவு குறைந்தது, வாந்தி உண்டா, மலம் கறுப்பாகப் போகிறதா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு எண்டோஸ்கோபிக்கு எழுதிக் கொடுத்தார். சிஏ 125 சினைப்பைப் புற்றுநோயில் மட்டும் ஏறுவதில்லை, வயிற்று உள்சவ்வில் எந்தத் தொல்லை வந்தாலும் ஏறலாம் என்று அவர்தான் எங்களுக்குச் சொன்னார்.

எண்டோஸ்கோபியில் பெரிய புண் எதுவும் இல்லை. இரைப்பையின் சுவர் தடித்து, காற்றை உள்ளே செலுத்தியும் சரியாக விரியாமல் விறைப்பாக இருந்தது. பல இடங்களில் சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். சிக்னெட் ரிங் செல் கார்சினோமா என்று வந்தது. செல்லுக்குள் சளி போன்ற பொருள் நிறைந்து, உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடுவதால், நுண்ணோக்கியில் முத்திரை மோதிரம் மாதிரித் தெரியும் செல்கள். இந்த வகையில் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கட்டியாக நிற்பதில்லை, தனித்தனியாகச் சுவருக்குள் பரவிக்கொண்டே போகும். மேலே புண் தெரியாமல் உள்ளே ஓடிவிடும் என்பதால், ஒரே ஒரு துணுக்கு எடுத்து "ஒன்றுமில்லை" என்று வந்தால்கூடத் தொல்லை தொடர்ந்தால் மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் அல்ல, எடை குறைந்துகொண்டே வருகிறவர்களுக்கு, சாப்பாடு இறங்காதவர்களுக்கு.

வயிற்றில் தொடங்கிய இந்த நோய் சினைப்பைக்குப் போய் அங்கே வளர்வதற்கு க்ரூகன்பெர்க் கட்டி என்று பெயர். ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரீட்ரிக் எர்ன்ஸ்ட் க்ரூகன்பெர்க் என்ற மருத்துவர் 1896ல் இதை விவரித்தார், ஆனால் சினைப்பையிலேயே தோன்றும் ஒரு புதுவகைக் கட்டி என்று நினைத்துக்கொண்டார். 1902ல் ஷ்லாகன்ஹாஃபர் என்பவர்தான் இது வேறு உறுப்பிலிருந்து, பெரும்பாலும் இரைப்பையிலிருந்து, வந்து சேர்ந்தது என்று காட்டினார். நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கழித்தும் அதே குழப்பம் எங்கள் கண் முன்னால் நடந்தது. அதில் மருத்துவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, ஏனென்றால் சினைப்பையில் வளர்ந்த கட்டி பல நேரம் இரைப்பையில் இருக்கும் மூலக் கட்டியைவிடப் பெரிதாக இருக்கும், கண்ணுக்கு முதலில் படுவது அதுதான்.

ஏன் சினைப்பை? அக்கா கேட்ட முதல் கேள்வி இதுதான். கல்லீரல், நுரையீரல் என்று போகாமல் ஏன் அங்கே? நான் மருத்துவம் படித்தவள் இல்லை. புற்றுநோய் மருத்துவர் சொன்னதையும், அப்புறம் ராத்திரிகளில் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்து அவரிடமே சரிபார்த்துக்கொண்டதையும் எனக்குப் புரிந்த மாதிரிச் சொல்கிறேன். முதலில் பெண் ஹார்மோனுக்கும் வயிற்றுப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு, அதன் பிறகு சினைப்பை.

உலகம் முழுக்க வயிற்றுப் புற்றுநோய் ஆண்களுக்குத்தான் அதிகம், ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2022ல் உலகில் ஏறத்தாழ 9.7 லட்சம் பேருக்குப் புதிதாக வந்தது, 6.6 லட்சம் பேர் இறந்தார்கள். புகை, மது, உப்பு, இரைப்பையில் தங்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி எல்லாம் காரணங்கள் என்றாலும் அவற்றை மட்டும் வைத்து இந்த ஆண் பெண் வித்தியாசத்தை முழுக்க விளக்க முடியவில்லை. பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஒரு காவலாக இருக்கிறது என்பதுதான் பல ஆய்வுகள் சேர்ந்து காட்டும் படம். மாதவிடாய் நடந்த ஆண்டுகள் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு ஆபத்து குறைவு. மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்களுக்கும் குறைவாகவே வந்திருக்கிறது. ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரையை மார்பகப் புற்றுநோய்க்காக எடுத்தவர்களிடம் சற்றுக் கூடுதல். மாதவிடாய் நின்று ஆண்டுகள் போகப் போகப் பெண்களுக்கும் கூடிக்கொண்டு வருகிறது. (டமாக்சிஃபென் எடுத்துக்கொண்டிருக்கும் யாராவது இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மார்பகப் புற்றுநோயில் அது காப்பாற்றும் உயிர்களுக்கு முன்னால் இந்தச் சின்ன ஆபத்து ஒன்றுமேயில்லை.)

ஆனால் இந்தக் காவல் எல்லா வகை வயிற்றுப் புற்றுநோய்க்கும் ஒரே மாதிரி இல்லை. பின்லாந்தைச் சேர்ந்த லாரன் 1965ல் வயிற்றுப் புற்றுநோயை இரண்டாகப் பிரித்தார். ஒன்று குடல் வகை: நாள்பட்ட அழற்சியிலிருந்து மெல்ல மெல்ல வருவது, வயதானவர்களுக்கு, அதிலும் ஆண்களுக்கு அதிகம். இன்னொன்று பரவல் வகை, அக்காவுக்கு வந்தது. இதில் ஆண் பெண் இடைவெளி சுருங்கிவிடுகிறது, இளம் வயதினரை எடுத்தால் பெண்களின் பங்கு நன்றாகவே தெரிகிறது. ஈஸ்ட்ரோஜன் நிறைந்திருக்கும் வயதில் அது எப்படி? இரைப்பைச் செல்களில் ஈஸ்ட்ரோஜனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் ஆல்பா, பீட்டா என்று இரண்டு விதம். பீட்டா பெரும்பாலும் வளர்ச்சியை அடக்கும் பக்கம் நிற்கிறது, ஆல்பா தூண்டும் பக்கம் சாய்கிறது. எந்தக் கட்டியில் எது எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து அதே ஹார்மோன் வேறு விதமாக வேலை செய்யலாம். இது ஆராய்ச்சியாளர்கள் இன்னும் பிடித்து முடிக்காத விஷயம், முடிந்துவிட்டது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

சினைப்பைக்குப் பரவுவதில் மட்டும் வயதின் கை தெளிவாகத் தெரிகிறது. க்ரூகன்பெர்க் கட்டி வருகிறவர்களில் பெரும்பாலோர் மாதவிடாய் நிற்காத பெண்கள், சராசரி வயது 45ஐ ஒட்டி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் சினைப்பை மாதாமாதம் ஒரு கருமுட்டையை வளர்த்து, வெடித்து வெளியே விட்டு, அந்தக் காயத்தை ஆற்றி, புது ரத்த நாளங்களைப் போட்டுக்கொண்டு, ஹார்மோனும் சுரந்துகொண்டிருக்கிறது. ரத்த ஓட்டம் அதிகம். மாதவிடாய் நின்ற பிறகு அதே சினைப்பை சுருங்கிவிடுகிறது. இரைப்பையிலிருந்து தப்பிய செல்கள் நிணநீர் வழியாகவோ, ரத்தம் வழியாகவோ, வயிற்று அறைக்குள் நேராக உதிர்ந்தோ அங்கே போய்ச் சேருகின்றன, போன இடத்தில் வளர்வதற்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. அந்தக் கட்டியே சினைப்பையின் திசுவைத் தூண்டி ஹார்மோன் சுரக்க வைப்பதும் உண்டு. அதனால் மாதவிடாய் குழம்பலாம், நின்ற பிறகு மறுபடி உதிரம் படலாம், அபூர்வமாக ஆண் ஹார்மோன் கூடி முகத்தில் முடி வளர்ந்து குரல்கூடத் தடிக்கலாம். அப்போது அந்தப் பெண் முதலில் போய் நிற்பது பெண்கள் நல மருத்துவரிடம்தானே தவிர வயிற்று மருத்துவரிடம் இல்லை.

கர்ப்பத்தில் இது இன்னும் கொடுமை. குமட்டல், வாந்தி, நெஞ்செரிச்சல், சாப்பாடு பிடிக்காமல் போவது எல்லாமே மசக்கைக்கும் உண்டு. வயிறு பெரிதாவதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் தாண்டியும் வாந்தி நிற்காமல் எடையும் ஏறாமல் இருந்தால் "சிலருக்கு அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் கர்ப்பிணிக்கும் எண்டோஸ்கோபி செய்கிறார்கள்.

அக்கா அடுத்துக் கேட்டது என்னை உலுக்கியது. "மாதவிடாய் சரியாகணும்னு ஹார்மோன் மாத்திரை போட்டேனே, அதனாலதான் இது பரவிச்சா?" மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நேராகப் பார்த்துச் சொன்னார்: "இல்லம்மா. அந்த மாத்திரையால வந்துச்சுன்னு சொல்ல ஒரு ஆதாரமும் கிடையாது. நீங்க மாத்திரை போடும்போதே இது உள்ள இருந்துச்சு." இந்த வாக்கியம் அக்காவுக்கு எந்த மருந்தைவிடவும் தேவையாக இருந்தது. லேட்டாகச் சாப்பிட்டதால் வந்தது, குடும்பக் கட்டுப்பாடு செய்ததால் வந்தது, கோயிலுக்கு நேர்ந்ததைச் செய்யாததால் வந்தது என்று பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பழியை அவள் மடியில் போட்டுவிட்டுப் போனார்கள். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் பழங்களோடு காரணங்களையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

"ஹார்மோன் தொடர்பு இருக்குன்னா ஹார்மோனை நிறுத்தினா நோய் நிக்குமா?" என்று நான் கேட்டேன். மார்பகப் புற்றுநோயில் நடப்பதை வைத்து எழுந்த ஆசை அது. அந்த வழியையும் ஆராய்ச்சியாளர்கள் முயன்றிருக்கிறார்கள். டமாக்சிஃபெனை வயிற்றுப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் ஆயுள் கூடவில்லை. ஆகவே இன்றைக்கு இதற்கு ஹார்மோன் வைத்தியம் என்று ஒன்று கிடையாது. யாராவது "ஹார்மோனைச் சமன் செய்யும் பொடி" விற்றால் காசைக் கொடுக்காதீர்கள். எங்களிடமும் வந்தார்கள். அதற்குக் கேட்ட பணத்தில் சில வாரங்களுக்கு அக்காவுக்குச் சத்துணவு வாங்கலாம்.

பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் பரிசோதனை. பயாப்ஸி எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், அதற்கு பிளாக் என்று பேர். அதையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வேறு மருத்துவமனைக்குப் போனால் அதுதான் முதலில் கேட்பார்கள். அதே பிளாக்கில் நிறமேற்றிச் சோதித்துத்தான் இது சினைப்பையில் பிறந்ததா, இரைப்பையிலிருந்து வந்ததா என்று பிரிக்கிறார்கள். பாக்ஸ் 8 என்ற சோதனை சினைப்பைப் புற்றுநோய்களில் பெரும்பாலும் பாசிட்டிவாக இருக்கும், இரைப்பையிலிருந்து வந்ததில் இருக்காது. அதே பிளாக்கில்தான் ஹெர் 2, பிடி எல் 1, எம்எஸ்ஐ, கிளாடின் 18.2 போன்ற அடையாளங்களையும் பார்க்கிறார்கள், எந்த மருந்து வேலை செய்யும் என்பதை இவைதான் சொல்கின்றன. ஹெர் 2 பாசிட்டிவாக இருந்தால் டிராஸ்டுசுமாப் என்ற ஊசியைக் கீமோவோடு சேர்ப்பார்கள். இவற்றில் எதையெல்லாம் பார்த்தீர்கள் என்று மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேட்கலாம், தவறில்லை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், எந்தச் சோதனை அதில் அடங்கும், எது அடங்காது என்று காப்பீட்டு கவுண்டரில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கீமோ தொடங்கிய பிறகு அக்காவுக்கு மாதவிடாய் நின்றது. இதைப் பற்றி எங்களுக்கு முன்கூட்டியே யாரும் விரிவாகச் சொல்லவில்லை. திடீரென்று உடம்பு சூடாகி முகம், கழுத்தெல்லாம் வியர்த்துக் கொட்டும், ராத்திரி நைட்டி நனைந்துவிடும், எதற்கென்றே தெரியாமல் எரிந்து விழுவாள், அப்புறம் அழுவாள். அது சினைப்பை வேலையை நிறுத்தியதால் வந்த ஹார்மோன் வீழ்ச்சி என்று தெரிந்த பிறகு வீட்டில் எல்லோரும் அவளிடம் நடந்துகொண்ட விதமே மாறியது. மாமா மொட்டை மாடி அறையில் இன்னொரு மின்விசிறி மாட்டினார், நாங்கள் தடித்த போர்வையை எடுத்துவிட்டுப் பருத்திப் புடவையைப் போர்த்தினோம். ஆனால் ஒன்றில் கவனம்: கீமோ நடக்கும்போது ஒவ்வொரு சூட்டையும் "ஹார்மோன் சூடுதான்" என்று விட்டுவிடக் கூடாது. தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் சாதாரணக் கிருமியும் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். மாதவிடாய் நின்றதால் வரும் தொல்லைகளுக்கு நீங்களே கடையில் ஹார்மோன் மாத்திரை வாங்கிப் போடவும் வேண்டாம், புற்றுநோய் மருத்துவரிடம் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

சினைப்பைக் கட்டிகளை எடுப்பதா வேண்டாமா என்பது தனிப் பேச்சு. மற்ற இடங்களில் இருப்பவை கீமோவுக்குச் சுருங்கும்போதும் சினைப்பையில் இருப்பவை பிடிவாதமாக வளர்வதுண்டு, அக்காவுக்கும் அப்படித்தான் ஆனது. வேறெங்கும் அதிகம் பரவாதவர்களுக்கு அவற்றை எடுத்தால் நல்ல பலன் கிடைக்கலாம், வயிற்றுச் சவ்வெல்லாம் பரவியவர்களுக்கு வலியையும் பாரத்தையும் குறைக்க மட்டும் எடுப்பதுண்டு. எங்கள் மருத்துவர் "எதுக்காகப் பண்றோம்னு உங்களுக்குத் தெரியணும்" என்று சொல்லி, நோயைக் குணமாக்க அல்ல, நிம்மதியாகச் சாப்பிட, தூங்க என்று விளக்கினார். அக்காவே யோசித்து ஒப்புக்கொண்டாள். அதற்குப் பிறகு சில மாதங்கள் வாசலில் உட்கார்ந்து மகளுக்குத் தாவணி செட் தைத்தாள். போன வருஷம் அக்கா போய்விட்டாள்.

வலி மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்ஃபின் என்றதும் எங்கள் வீட்டில் பயந்தார்கள், அடிமையாகிவிடுவாள், கடைசிக் கட்டம் வந்துவிட்டது என்று. இரண்டுமே இல்லை. வலி குறைந்தால் நோயாளி சாப்பிடுகிறார், பேசுகிறார். வலி நிவாரணப் பிரிவுக்கு முதல் மாதத்திலேயே போங்கள், அது கடைசிக்கு மட்டுமான இடம் கிடையாது.

மருத்துவரிடம் போகும் பெண்களுக்கு நான் இப்போது சொல்வது இதுதான். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேல் வயிறு, கீழ் வயிறு, மாதவிடாய், எடை, ரத்த அளவு எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில், எப்போது தொடங்கியது என்று மாதத்தோடு எழுதுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தத் தாளை முழுசாகக் காட்டுங்கள். "இது அவர் பார்க்கிற விஷயம் இல்லையே" என்று எதையும் மறைக்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரை மாதக் கணக்கில் போட்டும் ரத்தம் ஏறவில்லை என்றால் எங்கே போகிறது என்று கேளுங்கள். இடது காறை எலும்புக்கு மேலே புதிதாக நெறி கட்டியிருந்தாலும், தொப்புளில் கெட்டியாக எதுவும் தட்டுப்பட்டாலும் காட்டுங்கள், வயிற்றுப் புற்றுநோய் அந்த இரண்டு இடங்களிலும் தலைகாட்டுவதுண்டு.

கூடப் பிறந்தவர்களுக்கும் வேலை இருக்கிறது. 50 வயதுக்குள் பரவல் வகை வயிற்றுப் புற்றுநோய் வந்தால் சிடிஎச் 1 என்ற மரபணுவைச் சோதிக்கச் சொல்கிறார்கள். நியூசிலாந்தில் மாவோரி என்ற பூர்வகுடியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இளம் வயதில் இந்த நோய் வந்துகொண்டிருந்தது, அவர்களும் சேர்ந்து உழைத்ததில்தான் 1998ல் இந்த மரபணுக் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. அது இருக்கும் குடும்பங்களில் பெண்களுக்கு ஒரு வகை மார்பகப் புற்றுநோயும் வரலாம், அதனால் அந்தப் பெண்கள் மார்பகத்தையும் கட்டாயம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அக்கா இருக்கும்போதே அவள் ரத்தத்தைக் கொடுத்துச் சோதித்தோம், ஏனென்றால் நோய் வந்தவரைச் சோதித்தால்தான் மற்றவர்களுக்குத் தெளிவான பதில் கிடைக்கும். அவளுக்கு அந்தக் கோளாறு இல்லை. அதனால் அவள் மகளுக்கும் எனக்கும் அந்த மரபணுச் சோதனை தேவையில்லை என்றார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரிக்கு மட்டும் வீட்டில் எல்லோரும் சோதித்துக்கொண்டோம். மலத்தில் பார்க்கும் எளிய சோதனை. எனக்கும் தம்பிக்கும் இருந்தது, மாத்திரை எடுத்தோம். முடித்து ஒரு மாதத்துக்கு மேல் கழித்து மறுபடி சோதித்துப் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும், அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.